அப்பா யாழ்ப்பாணத்தில் நோயில், ஸ்பொன்சர் விண்ணப்பம் கனடாவில்: எது ஆபத்தில் இருக்கிறது, எது இல்லை

கேள்வி: அப்பாவுக்கு 2021 மார்ச்சில் கனடா பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்தது. ஸ்காபரோவில் ஒரு பேக்கரியில் வேலை. இடையில் 2023 ஜனவரியில் ஒரு மாதம் மட்டும் ஊருக்கு வந்துபோனார். 2025 மே மாதம் அம்மா, நான், தம்பி மூன்று பேரையும் ஸ்பொன்சர் செய்து விண்ணப்பம் போட்டார். ஜூலை 25 நல்லூர்த் திருவிழாவுக்கென்று கோண்டாவிலுக்கு வந்தவர், செப்டெம்பரில் பாரிசவாதம் வந்து மூன்று கிழமை யாழ் போதனா வைத்தியசாலையில் இருந்தார். வலக்கை, வலக்கால் இழுத்துவிட்டது. கதைப்பது விளங்குகிறது, ஆனால் பேச்சு தெளிவில்லை. ஒக்டோபரில் எங்களுக்கு மெடிக்கல் முடிந்தது. பி.ஆர். கார்ட் 2026 ஏப்ரலில் முடிகிறது. ஆறு மாதத்துக்கு மேல் நின்றால் பி.ஆர். போய்விடும் என்கிறார் மாமா. ஏஜென்சிக்காரர் விண்ணப்பத்தை மீளப்பெற்று, அப்பா சுகமானபிறகு புதிதாகப் போடுவோம் என்கிறார். சித்தப்பா, அப்பா இங்கே இருப்பதை இமிகிரேஷனுக்குச் சொல்லவே வேண்டாம் என்கிறார். எனக்கு வரும் ஜனவரியில் 22 வயது. என்ன செய்வது?

பதில்: மூன்று பேரும் உங்கள் நன்மைக்குத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் மூன்றும் பிழை. அதில் ஏஜென்சிக்காரர் சொன்னதுதான் திருத்தவே முடியாத பிழை. எனவே முதலில் ஒன்று: எந்த விண்ணப்பத்தையும் மீளப்பெறாதீர்கள். அப்படி ஒரு கடிதத்தில் அப்பாவின் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ கேட்டால் கொடுக்காதீர்கள்.

காரணம் உங்கள் வயது. கனடா விதிப்படி 22 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பிள்ளைதான் தங்கிவாழும் பிள்ளை. 2017 ஒக்டோபர் 24 முதல் நடைமுறையில் உள்ள வரம்பு இது. அந்த வயதைக் கணக்கிடுவது விசா வரும் நாளில் அல்ல, முழுமையான விண்ணப்பம் குடிவரவுத் திணைக்களத்துக்குக் கிடைத்த நாளில். 2025 மே மாதம் உங்களுக்கு 21. அந்த வயது அங்கேயே பூட்டப்பட்டுவிட்டது. ஜனவரியில் 22 ஆனாலும், முடிவு வரும்போது 23 ஆனாலும் கவலையில்லை. ஆனால் அந்த விண்ணப்பம் உயிரோடு இருக்கும்வரைதான் இந்தப் பூட்டு. மீளப்பெற்று அடுத்த ஆண்டு புதிதாகப் போட்டால் அம்மாவும் தம்பியும் போவார்கள், நீங்கள் பட்டியலிலேயே இருக்கமாட்டீர்கள்.

திருமணம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயது பூட்டப்பட்டிருக்கிறது, திருமண நிலை பூட்டப்படவில்லை. கனடாவில் பி.ஆர். ஆகக் காலடி வைக்கும் நாள்வரை நீங்கள் திருமணமாகாதவராக இருக்கவேண்டும். அப்பாவின் நிலையைப் பார்த்து, நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது, எழுத்தை (திருமணப் பதிவை) மட்டும் முடித்துவைப்போம் என்று பெரியவர்கள் நினைப்பது இயல்பு. அந்த எழுத்து உங்களை விண்ணப்பத்திலிருந்து நீக்கிவிடும். நிச்சயதார்த்தம் பரவாயில்லை, பதிவுத் திருமணம் கூடாது.

இனி மாமாவின் ஆறு மாதக் கணக்கு. யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் இந்தப் பயம் இருக்கிறது. பி.ஆர். வைத்திருப்பவர் ஒவ்வொரு ஐந்து ஆண்டிலும் குறைந்தது 730 நாள் கனடாவில் இருந்திருக்கவேண்டும் என்பதே சட்டம். அது கனடா குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. தொடர்ந்து இருக்கவேண்டும் என்றில்லை. அப்பா 2021 மார்ச் முதல் 2025 ஜூலை வரை ஒரு மாதம் தவிர அங்கேயே இருந்திருக்கிறார். ஐந்து ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணும்போது, 2028 ஜூலையில் நின்று பார்த்தாலும் 2023 ஜூலை முதல் 2025 ஜூலை வரையான இரண்டு ஆண்டுகள் உள்ளே வந்து 730ஐத் தொட்டுவிடும். அதாவது நாள் கணக்கில் அவருக்கு இன்னும் இரண்டரை ஆண்டுகள் இருக்கின்றன.

ஆறு மாதம் என்ற எண் பெரும்பாலும் மருத்துவக் காப்பிலிருந்து வந்து கலந்ததாக இருக்கலாம். ஸ்காபரோ உள்ள ஒன்ராறியோ மாகாணத்தின் ஓஹிப் காப்பு தொடர, எந்த 12 மாதத்திலும் 153 நாள் மாகாணத்துக்குள் இருக்கவேண்டும். மறுபக்கம் பார்த்தால் 212 நாள்தான் வெளியே நிற்கலாம். ஜூலை 25இலிருந்து எண்ணினால் அது 2026 பெப்ரவரி 22 அளவில் முடிகிறது. பாரிசவாதத்துக்குப் பிறகான சிகிச்சை அவருக்கு அங்கேதான் தொடரப்போகிறது என்பதால் இந்தத் தேதியை அலட்சியம் செய்யவேண்டாம். ஆனால் இது பி.ஆர். நிலையோடு சம்பந்தப்பட்டதல்ல.

கார்ட் முடிவதும் அப்படியே. கார்ட் முடிந்தால் பி.ஆர். முடிவதில்லை. விமானம் ஏறுவதற்கான ஆதாரம்தான் இல்லாமல் போகிறது. ஏப்ரலுக்கு முன் பறக்க முடிந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

அப்படியானால் ஆபத்தில் இருப்பது எது? ஸ்பொன்சர் விண்ணப்பம். குடும்பத்தை ஸ்பொன்சர் செய்யும் பி.ஆர். ஒருவர் கனடாவில் வசிப்பவராக இருக்கவேண்டும் என்று அதே சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளின் 130ஆம் பிரிவு சொல்கிறது. கனடியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் வசித்துக்கொண்டே மனைவியையும் பிள்ளைகளையும் ஸ்பொன்சர் செய்யலாம். பி.ஆர். உள்ளவருக்கு அந்தச் சலுகை இல்லை. விண்ணப்பம் போட்ட நாள்முதல் முடிவு வரும் நாள்வரை இந்தத் தகுதி நிலைத்திருக்கவேண்டும். எத்தனை நாள் வெளியே நின்றால் வசிப்பவர் இல்லையாவார் என்று விதியில் எண் எதுவும் கிடையாது. அதிகாரி ஆதாரங்களைப் பார்த்துத் தீர்மானிப்பார். நோயால் தற்காலிகமாகத் தடைப்பட்டு நிற்பவர் என்பதும், கனடா வாழ்க்கையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டவர் என்பதும் அவருக்கு இரண்டு வேறு கதைகள். அப்பா முதலாவது வகை என்று காகிதத்தில் காட்டுவதுதான் இப்போது உங்கள் முழு வேலை.

அதற்கு ஸ்காபரோ வீட்டை விட்டுவிடாதீர்கள். வாடகை வீணாகிறது என்று பேஸ்மென்டைக் காலிசெய்து, பொருள்களை உறவினர் கராஜில் போட்டு, போனையும் வெட்டிவிடுவது பலர் முதலில் செய்வது. பணக்கஷ்டம் உண்மைதான். ஆனாலும் வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, போன் இலக்கம், சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவை தொடரட்டும். வாடகை கட்டவே முடியாது என்றால் உறவினர் வீட்டில் ஓர் அறை, அவர் எழுதிய கடிதம், அந்த முகவரியைத் திணைக்களத்துக்கு அறிவித்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தே நடக்கவேண்டும். பேக்கரியிலிருந்து ‘மருத்துவ விடுப்பில் இருக்கிறார், திரும்பி வரும்போது வேலை உண்டு’ என்ற கடிதம் எடுங்கள். 2025க்கான வருமான வரியை 2026 ஏப்ரல் 30க்கு முன் தாக்கல் செய்யுங்கள். திரும்பும் டிக்கட் இருந்தால் ரத்துச் செய்யாமல் தேதியை மாற்றுங்கள். தேதி மாற்றிய மின்னஞ்சலும் ஓர் ஆதாரம்.

அடுத்தது மருத்துவக் கடிதம். விண்ணப்பங்கள் பெரும்பாலும் இழுபடுவது இங்கேதான். வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்டை எடுத்துப் பாருங்கள். ‘சி.வி.ஏ., ரைட் ஹெமிபரீசிஸ், ரிவியூ 1/12’ என்ற மாதிரி இரண்டு வரி இருக்கும். நம்முடைய கிளினிக் டொக்டருக்கு அது போதும். கனடாவில் கோப்பைத் திறக்கும் அதிகாரி மருத்துவர் அல்ல. அதிலிருந்து அவருக்கு எதுவும் விளங்காது. அதை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பினால் ‘விபரம் போதாது’ என்று திரும்பக் கேட்பார்கள், அல்லது கேட்காமலே முடிவெடுப்பார்கள்.

சிகிச்சை தந்த நிபுணரிடம் தனியாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு இலக்கம், அனுமதித்த தேதி, வெளியேறிய தேதி, சுருக்கக் குறியீடு இல்லாமல் நோயின் முழுப்பெயர், இப்போது எவ்வளவு நடக்கிறார், யார் உதவி தேவை, அடுத்த பரிசோதனை எப்போது என்பவை அதில் வரவேண்டும். டொக்டரின் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கமும் முத்திரையும் அவசியம். இரண்டு வசனங்களில் மட்டும் மிகக் கவனம். ஒன்று: ‘பயணம் செய்ய முடியாது’ என்று பொதுவாக எழுதவேண்டாம் என்று கேளுங்கள். எல்லை இல்லாமல் எழுதினால், இவர் இனித் திரும்பவே போவதில்லை என்று உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும். ‘இன்ன தேதிவரை விமானப் பயணம் உகந்ததல்ல, இன்ன தேதியில் மீண்டும் பரிசோதித்து முடிவு செய்யப்படும்’ என்று தேதியோடு இருக்கட்டும். மற்றது: அப்பாவுக்குச் சொல்வது விளங்குகிறது, சுயமாக முடிவெடுக்கக்கூடியவர், வலக்கை இயங்காததால் இடக்கையால் ஒப்பமிடுகிறார் என்று ஒரு வரி. பழைய கோப்பில் உள்ள ஒப்பமும் இனி வரும் ஒப்பமும் ஒத்துப்போகா. காரணம் கோப்பில் இருந்தால் அது சந்தேகமாக மாறாது. தமிழிலோ சிங்களத்திலோ உள்ள எந்தப் பத்திரமும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்போடுதான் போகவேண்டும்.

கனடாவில் உள்ள ஆதாரங்களும் மருத்துவக் கடிதமும் கைக்கு வந்ததும் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். சித்தப்பா சொல்வதுபோல் மறைப்பதில் பயனில்லை. 2020 ஜூன் முதல் விமானத்தில் கனடாவை விட்டு வெளியேறுவோரின் தரவையும் கனடா எல்லைச் சேவை முகவரகம் சேகரிக்கிறது. ஜூலையில் அப்பா வெளியேறியது அவர்களின் கணினியில் இருக்கிறது. அவர்களாகக் கேட்கும்போது ‘ஸ்காபரோவில்தான் இருக்கிறார்’ என்று யாராவது சொல்லிவிட்டால் அது பொய்த்தகவல் குற்றம். அம்மாவுக்கும் உங்களுக்கும் ஐந்து ஆண்டுத் தடை வரக்கூடும்.

அறிவிப்பது திணைக்களத்தின் இணையப் படிவம் வழியாக, விண்ணப்ப இலக்கத்தோடு. ஒரு பக்கம் போதும். எப்போது வந்தார், எதற்கு வந்தார், எந்தத் தேதிக்குத் திரும்ப இருந்தார், என்ன நடந்தது, டொக்டர் எந்தத் தேதியைச் சொல்கிறார், கனடாவில் வீடும் வேலையும் எந்த நிலையில் இருக்கின்றன, விண்ணப்பத்தைத் தொடர விரும்புகிறோம் என்பவை மட்டும். குடும்பக் கஷ்டங்களை நீட்டி எழுதவேண்டாம். அந்தக் கடைசி வசனத்தை மட்டும் விட்டுவிடவும் வேண்டாம்.

அப்பாவால் மின்னஞ்சல் பார்க்க முடியாவிட்டால் ஐ.எம்.எம். 5476 படிவத்தில், பணம் வாங்காத பிரதிநிதியாக நம்பிக்கையான உறவினர் ஒருவரை நியமிக்கலாம். அப்பாவும் அம்மாவும் ஒப்பமிடவேண்டும், 18 வயது கடந்தவர் என்பதால் நீங்களும். பணம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற சட்டத்தரணியும், குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் பதிவுபெற்ற ஆலோசகரும் போன்றோருக்குத்தான் உரிமை. உங்கள் ஏஜென்சிக்காரரிடம் பதிவு இலக்கம் கேளுங்கள். அவர் தன் மின்னஞ்சலைக் கோப்பில் போட்டிருந்தால், திணைக்களம் அனுப்பும் கடிதங்கள் உங்களுக்கு வராமலே காலக்கெடு முடிந்துவிடலாம். அதை உடனே மாற்றுங்கள். கனடாவில் உள்ள வங்கி, வாடகை விஷயங்களுக்கு நொத்தாரிசு முன்னிலையில், அப்பா சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்கலாம். அப்பாவுக்கு விளங்கும் நிலை இருப்பதால் இப்போதே செய்துவிடுவது நல்லது. அந்த நிலை குறைந்துபோனால் பிறகு செய்ய முடியாது.

ஸ்பொன்சர் படிவத்தின் பிரதியில் ஒரு கேள்வியையும் பாருங்கள். ஸ்பொன்சர் தகுதியற்றவர் என்று கண்டால் விண்ணப்பத்தைத் தொடர்வதா, மீளப்பெறுவதா என்று அதில் கேட்டிருக்கும். மீளப்பெறுவதில் குறியிட்டிருந்தால் கட்டணத்தின் பெரும்பகுதி திரும்பும், ஆனால் மேன்முறையீடு கிடையாது. தொடர்வதில் குறியிட்டிருந்தால், நிராகரித்தாலும் அப்பா 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். ஆனால் அங்கே மனிதாபிமானக் காரணங்களைக் கேட்க வேண்டுமானால் அவர் ஸ்பொன்சருக்கான நிபந்தனைகளை நிறைவு செய்தவராக இருக்கவேண்டும். கனடாவில் வசிப்பதும் அதில் ஒன்று. எந்த வழியாகச் சுற்றிப் போனாலும், உடல் இடங்கொடுத்த உடனே அவர் ஸ்காபரோ போய்ச் சேர்வதுதான் நீங்கள் மூவரும் போய்ச் சேர்வதற்கான வழி.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விபரம் என்னைக் கவலைப்படுத்துகிறது. அப்பாவுக்கு எந்த வகையில் பி.ஆர். கிடைத்தது? வேலைத்திட்டத்திலோ மனிதாபிமான அடிப்படையிலோ என்றால் மேலே சொன்னது எல்லாம் அப்படியே பொருந்தும். அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டு அதன்வழி வந்தது என்றால் கதை வேறு. 2012 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி, அகதிப் பாதுகாப்புப் பெற்றவர் இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்து இலங்கைக்கே வந்துபோனால், தன் நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினார் என்று சொல்லி அகதி நிலையோடு பி.ஆர். நிலையையும் நீக்க அரசு விண்ணப்பிக்கலாம். 730 நாள் கணக்கு அங்கே காப்பாற்றாது. 2022இல் கனடாவின் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் கலின்டோ கமாயோ வழக்கில், இதனால் என்ன விளைவு வரும் என்று அந்த நபருக்குத் தெரிந்திருந்ததா, எதற்காகப் போனார் என்பனவற்றையும் பார்க்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தப்ப வழி உண்டு, ஆனால் அது சட்டத்தரணியின் வேலை. அப்பா இந்த வகை என்றால், நான் மேலே சொன்ன அறிவித்தலையும் அனுப்பாமல் முதலில் ஒன்ராறியோவில் உள்ள அகதிச் சட்டத்தரணி ஒருவரோடு கதையுங்கள்.

ஏப்ரலுக்குள் பறக்க முடியாவிட்டால் பி.ஆர். பயண ஆவணம் எடுக்கவேண்டும். கார்டை வெளிநாட்டிலிருந்து புதுப்பிக்க முடியாது. ‘இங்கே இருக்கிறார்’ என்று காட்டி ஸ்காபரோவில் ஒருவர் விண்ணப்பித்து, கார்டைக் கூரியரில் அனுப்பும் வழக்கம் பொய்த்தகவல்தான். பயண ஆவணத்துக்கு ஐ.எம்.எம். 5524 படிவம், கட்டணம் 50 கனேடிய டொலர். பி.ஆர். இணையவாயில் வழியாக விண்ணப்பிக்கலாம். கடந்த ஐந்து ஆண்டில் பயன்படுத்திய கடவுச்சீட்டுகளின் முத்திரைப் பக்கங்கள், பி.ஆர். கார்டின் பிரதி, கனடாவில் இருந்ததைக் காட்டும் வரி மதிப்பீட்டுக் கடிதங்கள், சம்பளப் பதிவுகள் இணைக்கவேண்டும். ஏற்றுக்கொண்டால் கொழும்பில் உள்ள வி.எப்.எஸ். நிலையம் வழியாகக் கடவுச்சீட்டைக் கொடுக்க, அதில் ஒட்டித் தருவார்கள். பொதுவாக ஒருமுறை நுழைவதற்கு மட்டுமே செல்லும். ஆகவே கடவுச்சீட்டு நீண்ட காலம் செல்லுபடியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். புதுப்பிக்க வேண்டியிருந்தால் பத்தரமுல்லைக்கு அலையத் தேவையில்லை. 2025 செப்டெம்பரில் யாழ் மாவட்டச் செயலகத்தில் பிராந்திய அலுவலகம் திறந்திருக்கிறார்கள்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போய் பி.ஆர். பெற்று, பிறகு ஊரிலேயே தங்கிவிட்ட தாய் தந்தையர் உள்ள வாசகர்களுக்கு ஒன்று. 730 நாள் குறைந்தாலும் நோயைக் காரணமாகக் காட்டி மனிதாபிமான அடிப்படையில் பயண ஆவணம் கேட்கலாம். மறுத்தால் 60 நாளுக்குள் மேன்முறையீடு. மேன்முறையீட்டைத் தாக்கல் செய்தவர், அவரது பயண ஆவண விண்ணப்பத்தை அதிகாரி பரிசீலிப்பதற்கு முந்திய 365 நாளுக்குள் ஒருமுறையாவது கனடாவில் இருந்திருந்தால், வழக்கு முடியும்வரை அங்கே போய் இருக்கப் பயண ஆவணம் கொடுத்தே ஆகவேண்டும். அவசரத்துக்கு விசிட் விசா எடுப்போம் என்று பி.ஆரைக் கைவிடும் படிவத்தில் ஒப்பமிட்டால் அந்த வழிகள் எல்லாம் அன்றோடு அடைபட்டுவிடும்.

உங்கள் மெடிக்கல் ஒக்டோபரில் முடிந்தது. அது 12 மாதம் செல்லும். விசாவின் காலமும் வழக்கமாக அந்தத் தேதியோடுதான் முடியும். அதற்குள் முடிவு வராவிட்டால் மறுபடி மெடிக்கல் கேட்பார்கள். அது நிராகரிப்பு அல்ல, பயப்படவேண்டாம். கோப்பு எங்கே நிற்கிறது என்று பார்க்க 5 டொலர் கட்டணத்தில் தகவல் அறியும் விண்ணப்பம் போட்டு அதிகாரிகளின் குறிப்புகளை எடுக்கலாம். அப்பா வசிக்கும் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகமும் சம்மதப் படிவம் பெற்றுக்கொண்டு இலவசமாக விசாரித்துத் தரும்.

அப்பா திரும்பியபின் உறவினர்கள் அவரைப் பொதுநல உதவிக்குப் பதியலாம். அதிலும் கவனம். வலுவிழப்பு அல்லாத காரணத்துக்குச் சமூக உதவி பெறுபவர் ஸ்பொன்சராக இருக்க முடியாது. வலுவிழப்புக்கான உதவி, வேலைக் காப்புறுதி, கனடா ஓய்வூதியத் திட்டத்தின் வலுவிழப்புக் கொடுப்பனவு ஆகியவை தடையல்ல. மனைவி, பிள்ளைகளுக்கான ஸ்பொன்சருக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான நிபந்தனையும் இல்லை. எனவே வேலைக்குப் போகவில்லையே என்று மட்டும் விண்ணப்பம் கெடாது.

பயணத்துக்கு விமான நிறுவனத்தின் மெடிஃப் என்ற மருத்துவத் தகுதிப் படிவத்தை டொக்டர் நிரப்பவேண்டும். டிக்கட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள். வெறுமனே ‘வீல்செயார்’ என்றால் விமானக் கதவுவரைதான். அப்பாவால் ஆசனம்வரை நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.சி. என்ற குறியீடு பதியப்படவேண்டும். வளைகுடா நகரம் ஒன்றில் ஒரேயொரு மாற்றம், இடையில் மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாமல் வையுங்கள். ஐரோப்பா வழியாக எடுத்தால் இடைமாறும் விசாக் கேள்வி வரும்.

அவர் பறக்கத் தயாராகும்போது உங்கள் விசாக்களும் வந்திருந்தால் நால்வரும் ஒரே டிக்கட் பதிவில் போங்கள். அம்மா துணைக்கு இருப்பார், இறங்கும் இடத்தில் ஸ்பொன்சர் எங்கே என்ற கேள்வியும் எழாது. விசா வரவில்லை என்றால் உங்களுக்காக அவரைக் காத்திருக்க வைக்கவேண்டாம். துணைக்கு ஒருவரைப் பிடித்து அவரை முதலில் அனுப்புங்கள். அவர் போய் இறங்கிய அன்றே, போர்டிங் பாஸின் படத்தோடு அதே இணையப் படிவத்தில் ‘ஸ்பொன்சர் கனடா திரும்பிவிட்டார்’ என்று அறிவியுங்கள்.